"இங்கே யாருங்க ஏழை?": சாண்டா கிளாரா கவுண்டித் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியாவின் சன்னிவேல், குபர்டினோ, மில்பிட்டாஸ், சான் ஹோசே, இன்னும் அக்கம்பக்கத்தில் இருக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம்.

2025 நவம்பர் தேர்தலுக்கு முன்னால் நம் வாட்ஸாப் குழுக்களில் மெஷர் ஏ என்ற கவுண்டி வாக்கெடுப்பை வைத்து நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டிலும் உணவு உதவியிலும் வாஷிங்டன் கத்திரி போட்டதால் கவுண்டி மருத்துவமனைகளுக்கு வரப்போகும் பணத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, ஐந்து ஆண்டுகளுக்கு விற்பனை வரியை 0.625 விழுக்காடு ஏற்றலாமா என்பதுதான் கேள்வி. அதில் ஒருவர் எழுதினார்: "ஆவரேஜ் வருமானமே ஒன்றரை லட்சம் டாலர் இருக்கிற கவுண்டியில் யாருங்க ஏழை? உழைக்க மனசில்லாதவன்தான் ஏழை." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். எனக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள், ஊரில் வெள்ளம் என்றால் முதல் ஆளாகப் பணம் அனுப்புகிறவர்கள் போட்ட கட்டைவிரல்கள்.

மெஷர் ஏ ஜெயித்துவிட்டது, அந்தக் கதை முடிந்தது. (விற்பனை வரி என்பதே ஏழையின் கையில் இருந்து அதிகம் பிடுங்கும் வரி, எனக்கும் பிடிக்காது. கவுண்டியின் கையில் வேறு வழி இல்லை என்பதால் முணுமுணுத்துக்கொண்டே ஆதரித்தேன்.) ஆனால் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது, குழுவில் யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. நான் சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நண்பர் சொன்ன எண் பொய்யில்லை. கவுண்டியில் நடுமட்டத்தில் இருக்கும் ஒரு வீட்டின் ஆண்டு வருமானம் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல்தான். (அது சராசரி இல்லை, ஒருவர் சம்பளமும் இல்லை, வீட்டில் எல்லோரும் சம்பாதிப்பதைக் கூட்டியது. சரி, விடுங்கள்.) அரசாங்கக் கணக்குப்படி வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் இங்கே நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான், நாட்டின் அளவைவிடக் குறைவு. கவுண்டியின் மக்கள்தொகை 19 லட்சத்துச் சொச்சம் என்பதால் அந்த ஏழு விழுக்காடே 1.3 லட்சம் பேர் என்று ஆகிறது, அதுவே ஒரு ஊர் அளவு. ஆனால் நான் பேச வந்தது அவர்களைப் பற்றி மட்டுமல்ல. அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதால் கணக்கிலேயே வராமல் போனவர்களைப் பற்றித்தான் அதிகம்.

அந்தக் கோட்டை யார், எப்படிப் போட்டார்கள் தெரியுமா? 1960களின் தொடக்கத்தில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வேலை பார்த்த மோலி ஒர்ஷான்ஸ்கி என்ற பெண்மணி போட்ட கணக்கு. 1955-ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் அமெரிக்கக் குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தது தெரிந்தது. அதனால் சிக்கனமான சாப்பாட்டுச் செலவு எவ்வளவோ, அதை மூன்றால் பெருக்கினார். அவ்வளவுதான். அன்றைக்கு அது நேர்மையான கணக்கு, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு விலைவாசிக்கு ஏற்ப எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே வருகிறார்கள், கணக்கின் அடிப்படை மாறவில்லை. அதனால் உதவித் திட்டங்களுக்கெல்லாம் அளவுகோலாக இருக்கும் எண் 2025-ல் நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 32,150 டாலர். மிசிசிப்பியின் ஒரு கிராமத்துக்கும் அதே 32,150, சன்னிவேலுக்கும் அதே 32,150. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் மட்டும் தனிக் கணக்கு உண்டு, நமக்குக் கிடையாது. இங்கே சம்பளத்தை விழுங்குவது சாப்பாடா, வாடகையா என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம், நமக்குத்தான் எக்செல் என்றால் உயிராச்சே. சான் ஹோசேயில் 2025-ன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.95 டாலர். வாரம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 52 வாரம், ஒரு நாள்கூடச் சம்பளமில்லா விடுப்பு எடுக்காமல் உழைத்தால் 37,336 டாலர். மனைவி, இரண்டு குழந்தைகள், ஒருவர் சம்பளம். இந்தக் குடும்பம் ஏழை இல்லை! கோட்டுக்கு ஐயாயிரம் டாலர் மேலே இருக்கிறது. வருமான வரியே கட்டவில்லை என்று வைத்துக்கொண்டாலும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமெல்லாம் போக மாதம் கைக்கு வருவது 2,800 சொச்சம். ஒரு படுக்கையறை வீடு 2,500-க்குக் கீழே கிடைப்பது குதிரைக் கொம்பு. மீதி 300 டாலரில் பால், டயப்பர், பெட்ரோல், போன் பில். இந்த மனிதரைத்தான் உழைக்க மனசில்லாதவர் என்று சொல்லிவிட்டோம்.

சரி, மனைவியும் வேலைக்குப் போகட்டும் என்பீர்கள். போகட்டும். அதே கூலியில் இருவரும் முழு நேரம் உழைத்தால் 74,672 டாலர். கலிஃபோர்னியாவில் கால்ஃப்ரெஷ் உணவு உதவிக்கான வருமான வரம்பு வறுமைக் கோட்டைப் போல இரண்டு மடங்கு, அதாவது 2025-ல் 64,300. அந்த வாசல் மூடிவிட்டது. குழந்தைகளுக்கு மெடிகால் (கலிஃபோர்னியாவின் மெடிகெய்டு) கிடைக்கும், பெற்றோருக்குக் கிடையாது. குழந்தையை டேகேரில் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், இதே குடும்பம் வீட்டுவசதித் துறையின் அளவுகோலுக்குப் போனால் 'மிகக் குறைந்த வருமானம்' என்ற வகைக்குள் வந்து விழுகிறது. அந்த அளவுகோலில் தனியாள் ஒருவர் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வாங்கினால்கூட இந்தக் கவுண்டியில் 'குறைந்த வருமானம்' உள்ளவர்தான். ஒரு அரசாங்க மேஜையில் ஏழை, அடுத்த மேஜையில் ஏழை இல்லை. வீட்டு வாடகையையும் உதவித் தொகைகளையும் சேர்த்துக் கணக்கிடும் கலிஃபோர்னியா வறுமை அளவீடு என்று ஒன்றை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு மையம் ஒன்றும் கலிஃபோர்னியா பொதுக் கொள்கை நிறுவனமும் சேர்ந்து வெளியிடுகிறார்கள். கடலோரக் கவுண்டிகளின் நிலைமை அதில்தான் ஓரளவுக்குச் சரியாகத் தெரியும். உதவித் திட்டங்கள் அதைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதுதான் சிக்கல்.

எண்களை விட்டுவிட்டு ஆட்களைப் பார்ப்போம். செகண்ட் ஹார்வெஸ்ட் உணவு வங்கி நம் கவுண்டியிலும் சான் மேட்டியோ கவுண்டியிலும் சேர்த்து மாதத்துக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் பேருக்கு உணவு கொடுக்கிறது. ஐந்து லட்சம்! அந்த வரிசைகளில் ஒன்றில் நான் அவ்வப்போது மூட்டை தூக்கப் போவதுண்டு. கார்கள் ஊர்ந்து வரும், டிக்கி திறக்கும், வெங்காயம், கேரட், ஒரு டஜன் முட்டை, உறைந்த கோழி என்று வைத்து மூடுவோம், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. குனிந்து டிக்கியில் வைக்கும்போது கண்ணில் படுவதைத் தவிர்க்க முடியாது. பின்கண்ணாடியில் ஊபர் ஸ்டிக்கர். ஜாக்கெட்டுக்குள்ளே மருத்துவமனை உடுப்பு. துடைப்பமும் வாளியும் வாக்வம் கிளீனரும் அடைத்த டிக்கியில் கோழிக்கு இடம் தேட வேண்டியிருக்கும். கழுத்தில் தொங்கும் பேட்ஜ், நீங்களும் நானும் வேலை செய்யும் அதே கம்பெனியின் பேட்ஜ், நிறம் மட்டும் வேறு, ஒப்பந்த ஆட்களுக்கானது. அரசு முடக்கத்தால் கால்ஃப்ரெஷ் அட்டையில் பணம் ஏறத் தாமதமான அந்த நவம்பர் வாரத்தில் வரிசை பார்க்கிங்கைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. அந்த வரிசையில் பெரும்பாலோர் வேலை முடிந்து வருகிறார்கள், அல்லது வேலைக்குப் போகிற வழியில் வருகிறார்கள்.

அங்கே தமிழ் முகங்களும் உண்டு. பெரும்பாலும் மூட்டை தூக்கும் பக்கம். பிள்ளைகளுக்குக் காலேஜ் விண்ணப்பத்தில் போட வாலன்டியர் ஹவர்ஸ் வேண்டும் என்று அப்பா அம்மா கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். நல்லதுதான், வரட்டும், கை குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு மணி நேரம் கழித்து வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள், திரும்பிப் போகும்போது அந்தப் பிள்ளையிடம் இவர்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்று ஒரு வார்த்தை பேசுவார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஏனென்றால் பேச ஆரம்பித்தால் பேச்சு நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

வருகிறேன், அந்த வாசலுக்கே வருகிறேன்.

நம் உணவகங்களில் ஆரம்பிப்போம். எல் கமீனோ ரியல் நெடுக எத்தனை தோசைக் கடை, எத்தனை பிரியாணிக் கடை. ஒரு மாஸ்டரோடு பேசிக்கொண்டிருந்தேன். கடை பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். மாதச் சம்பளம் 3,500 டாலர் என்று பேச்சு. காலை பத்து மணிக்கு மாவு அரைப்பதில் தொடங்கி இரவு பதினொரு மணிக்குக் கல்லைச் சுரண்டி எண்ணெய் தேய்த்து வைப்பது வரை, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு, வாரத்துக்கு ஆறு நாள். கடையே எடுத்துக் கொடுத்த இரண்டு படுக்கையறை அப்பார்ட்மென்டில் ஆறு பேர், ஹாலில் இரண்டு மெத்தை, அதற்கு வாடகைப் பிடித்தம் தனி. ஏன் கேட்கக்கூடாது என்றேன். "முதலாளி எங்க பக்கத்து ஊர்க்காரர் சார், டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வந்தவர். அவரைப் போய் எப்படிக் கேட்கிறது?" என்றார்.

கலிஃபோர்னியாச் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு நாளில் எட்டு மணி நேரத்தைத் தாண்டினால், வாரத்தில் நாற்பதைத் தாண்டினால், ஒன்றரை மடங்கு கூலி. மாதச் சம்பளம் என்று பேசிவிட்டால் ஓவர்டைம் கிடையாது என்பது பச்சைப் பொய். அந்த விலக்கு மேலாளர் மாதிரியான வேலைகளுக்கு மட்டும், அதற்கும் ஆண்டுச் சம்பளம் குறைந்தது மாநிலக் குறைந்தபட்சக் கூலியைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும், 2025-ல் 68,640 டாலர். தோசை மாஸ்டர் எந்தக் கணக்கிலும் அதில் வரமாட்டார். வாரம் 72 மணி நேரத்துக்கு, வெறும் குறைந்தபட்சக் கூலியிலேயே, சான் ஹோசேயில் அவருக்குச் சேர வேண்டியது மாதம் 6,800 டாலருக்கு மேல். கொடுப்பது 3,500. மீதி எங்கே போனது? கொஞ்சம் முதலாளியிடம், கொஞ்சம் கட்டட வாடகைக்கு, கொஞ்சம் நம் பிளேட்டில். "நம்ம ஊர்க் கடைதான் சீப்பு" என்று நாம் சப்புக்கொட்டுவதில் அவருடைய ஓவர்டைமும் இருக்கிறது.

மாநிலத் தொழிலாளர் ஆணையரிடம் சம்பளப் பாக்கி கேட்டு மனுப் போட வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, விசா என்ன என்று கேட்கமாட்டார்கள், பொதுவாக மூன்று ஆண்டுப் பாக்கி வரைக்கும் கேட்கலாம். கவுண்டியிலும் இதற்கென்று தொழிலாளர் தர அலுவலகம் இருக்கிறது. மனுப் போட்டதற்காக வேலையை விட்டுத் தூக்குவதும் குடியேற்றத் துறையைக் காட்டி மிரட்டுவதும் தனிக் குற்றம். இதெல்லாம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வியட்நாமியத்திலும் சுவரில் ஒட்டியிருக்கிறது. நம் மாஸ்டருக்கு யார் தமிழில் சொன்னார்கள்?

அடுத்தது இன்னும் நெருங்கிய இடம். நம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அக்காக்கள், சமைத்துக் கொடுத்துவிட்டுப் போகிற அம்மாக்கள். காலை எட்டுக்கு வந்து மாலை ஏழுக்குப் போகிறவருக்கு நாள் கணக்கில் ஒரு தொகையை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, "எங்க வீட்ல ஒருத்தர் மாதிரி" என்று சொல்லிக்கொள்கிறோம். தீபாவளிக்குப் புடவையும் எடுத்துக் கொடுக்கிறோம். இந்த மாநிலத்தில் வீட்டுவேலைத் தொழிலாளர் சட்டம் 2014-லிருந்து நடைமுறையில் இருக்கிறது: குழந்தை பார்ப்பதையே வேலையாகச் செய்பவருக்கு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம். "அவங்களே ரொக்கமா கேட்டாங்க" என்பீர்கள். கேட்பார்கள்தான், இந்த மாசத்துக்கு அது லாபம். ஆனால் ரொக்கமாக வாங்கியவருக்குப் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) கிடையாது. பே ஸ்டப் இல்லாதவருக்கு எந்த அப்பார்ட்மென்டும் லீஸ் கொடுக்காது, வாடகையைப் போல இரண்டரை மூன்று மடங்கு வருமானத்துக்குத் தாள் கேட்பார்கள். அதனால் யாரோ ஒருவர் வீட்டுக் கராஜில், லீஸில் பெயரில்லாமல், நினைத்தபோது வெளியே போகச் சொல்லக்கூடிய ஒரு மூலையில் இருக்கிறார். வேலை போனால் வேலையிழப்புக் காப்பீடு கிடையாது. வயதான பிறகு சோஷியல் செக்யூரிட்டி கிடையாது. நாம் இரண்டு தாள் நிரப்பச் சோம்பல்பட்டதில் ஒருவருடைய முதுமைக்காலம் போகிறது.

வாடகைக்கு வீடு விடுகிறவர்களும் நம்மில் நிறையப் பேர். இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு, பின்கட்டில் புதிதாகக் கட்டிய சின்ன வீடு. "நோ செக்‌ஷன் 8" (அரசின் வாடகை உதவி வவுச்சரோடு வருகிறவர்கள் வேண்டாம்) என்று விளம்பரம் போடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2020 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் அது சட்டவிரோதம். வவுச்சரோடு வருகிறவரை வவுச்சருக்காகவே திருப்பி அனுப்ப முடியாது. (சைவக் குடும்பம் மட்டும் என்று போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், இன்றைக்கு வேண்டாம்.) வாடகையில் பெரும்பகுதி வீட்டுவசதி ஆணையத்திடம் இருந்து மாதாமாதம் வந்துவிடும், லே ஆஃப் ஆனாலும் நிற்காது. உங்கள் டெக் வாடகைக்காரரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

நகர மன்றக் கூட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், கோபம் வருகிறது. குறைந்த வாடகை வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தால் போதும், டிராஃபிக், பார்க்கிங், ஸ்கூல் ரேட்டிங் என்று நம் ஆட்கள் ஜூமில் வரிசை கட்டிவிடுகிறார்கள். குபர்டினோவின் வால்கோ ஷாப்பிங் மால் இருந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் 2,402 வீடுகளுக்கு அனுமதி, அதில் பாதி குறைந்த வாடகைக்கு. மால் கட்டடத்தை இடித்தார்கள். வழக்கு நடந்தது. திட்டம் மாறியது, மறுபடி மாறியது, பாதி என்பது மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. அந்த வீடுகள் வந்திருந்தால் நம் பள்ளிக்கூடத்து உதவி ஆசிரியைகூட அங்கே குடியிருந்திருப்பார். இப்போது ட்ரேசியிலிருந்தோ மான்டீகாவிலிருந்தோ விடிகாலை நான்கரைக்குக் கிளம்பி மலை தாண்டி வருகிறார். மவுன்டன் வியூவில் தெருவோரம் ஆர்வி என்ற வீட்டு வண்டிகளில் குடியிருந்தவர்களைப் பார்க்கச் சகிக்காமல் 2020-ல் குறுகலான தெருக்களில் பெரிய வண்டிகளை நிறுத்தக்கூடாது என்று வாக்குப் போட்டே தடை கொண்டுவந்தார்கள். 2025 கணக்கெடுப்பில் இந்தக் கவுண்டியில் வீடில்லாதவர்கள் 10,000 பேருக்கு மேல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டினாலும் பரவாயில்லை. அரசாங்க உதவி வாங்குகிறவர்கள் என்றால் முகம் சுளிக்கிற நம் வீடுகளிலேயே எத்தனை பேருடைய அப்பா அம்மா கிரீன் கார்டு வந்ததும் மெடிகாலில் சேர்ந்தார்கள்? அதில் தப்பே இல்லை. சட்டம் இடம் கொடுக்கிறது, அந்த வயதில் அவர்களுக்கு வேறு எந்தக் காப்பீடும் கட்டுப்படியாகாது. என் வீட்டிலும் உண்டு. ஆனால் முழங்கால் வலிக்குக் கவுண்டி மருத்துவமனையான வேலி மெடிக்கல் சென்டருக்குப் போய்வந்த அன்றைக்கே "நம்ம வரிப்பணத்தில் யார் யாரோ வாழுறாங்க" என்று குழுவில் எழுதாமல் இருக்கலாம். நம் அம்மாவுக்கு ஒரு நியாயம், கில்ராயில் பூண்டு பிடுங்குகிற அம்மாவுக்கு ஒரு நியாயம் என்பது எப்படி?

அப்புறம் நம் சங்கதி. எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அடுத்த வழி பார்க்க அறுபது நாள். 2022 கடைசியில் ஆரம்பித்த லே ஆஃப் அலையில் எத்தனை வீடுகளில் இதைப் பார்த்தோம். வெளியே சொல்லாமல் காலையில் லேப்டாப் பையோடு கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்திருந்தவரை எனக்குத் தெரியும், மாமனார் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்த நேரம். இரண்டு மாதச் சம்பளம் நின்றால் ஆடிப்போகிற வாழ்க்கைதான் நம்மில் பலருக்கும். ஐந்தாயிரம் டாலர் மார்ட்கேஜ், ஒற்றைச் சம்பளம், எச்-4 என்ற துணைவர் விசாவில் வேலை பார்க்க முடியாத மனைவி. அந்த நேரத்தில் ரகசியமாகச் செய்த ஒரு உதவி, ஒரு ரெஃபரல், ஒரு மாத வாடகை எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்குத் தெரியும். அது நமக்கு மட்டும் புரிந்தால் போதாது.

ஒரு மாத வாடகை என்று சும்மா சொல்லவில்லை. வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு அவசரப் பண உதவி கொடுக்கும் திட்டம் ஒன்று இந்தக் கவுண்டியில் டெஸ்டினேஷன் ஹோம் என்ற அமைப்பின் முயற்சியில் நடக்கிறது. அதை நோட்டர்டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டார்கள். உதவி கிடைத்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் வீடிழக்கும் வாய்ப்பு 81 விழுக்காடு குறைந்திருந்தது. சராசரியாகக் கொடுத்தது ஒரு குடும்பத்துக்கு 2,000 டாலர் அளவுக்குத்தான். தெருவுக்கு வந்துவிட்டவரைத் திரும்பக் கூரைக்குள் கொண்டுவர ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது கைக்காசு.

இது மாறாது, இது முதலாளித்துவம், அமெரிக்கா இப்படித்தான் என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு சம்பவம். சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சமூகவியல் வகுப்பு. மாணவர்கள், பலரும் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், மணிக்கு எட்டு டாலர் கூலியை ஏன் ஏற்றக்கூடாது என்று வகுப்பறையில் பேச ஆரம்பித்ததைக் கையெழுத்து இயக்கமாக்கி 2012 நவம்பர் வாக்குச்சீட்டில் மெஷர் டி என்று கொண்டுவந்து ஜெயிக்க வைத்தார்கள். கடைகளெல்லாம் மூடிவிடும் என்று அப்போதும் பயமுறுத்தினார்கள். 2013 மார்ச்சில் கூலி பத்து டாலர் ஆனது, விலைவாசியோடு தானாக ஏறும் ஏற்பாட்டோடு. பக்கத்து ஊர்கள் பின்னாலேயே வந்தன, சன்னிவேலும் மவுன்டன் வியூவும் 2018-லேயே பதினைந்தைத் தொட்டுவிட்டன. நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து இன்னும் 7.25-லேயே நிற்கிறது. ஆப்பிளில் காவலுக்கு நின்றவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்களாகத்தான் இருந்தார்கள். தொழிற்சங்கமும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கொடுத்த நெருக்கடிக்குப் பிறகு 2015-ல் அவர்களில் பெரும்பாலோரைத் தன் சொந்த ஊழியர்களாக எடுத்துக்கொள்வதாகக் கம்பெனி அறிவித்தது. அந்த நெருக்கடியில் நம் ஆட்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்கமாட்டேன்.

தமிழ் மன்றங்களிடமும் தமிழ்ப் பள்ளிகளிடமும் தனியாக ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் நூற்றுக்கணக்கான பேருக்குச் சாப்பாடு எடுக்கிறோம். நான்கு கடைகளைக் கூப்பிட்டு ஒரு பிளேட்டுக்கு ஒரு டாலர், அரை டாலர் என்று பேரம் பேசி, யார் ரொம்பக் குறைத்தார்களோ அவர்களிடம் கொடுத்துவிட்டு, மேடையில் அவர்களுக்கே ஸ்பான்சர் என்று பொன்னாடையும் போடுகிறோம். அடுத்த முறை பேரம் பேசுவதற்கு முன்னால் அந்தக் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சமையலறையில் இருப்பவர்களுக்கு மணிக் கணக்கில் பே ஸ்டப் கொடுக்கிறீர்களா, ஓவர்டைம் அதில் தனி வரியாக இருக்கிறதா? ஆமாம் என்பவருக்கு ஆர்டர், பிளேட்டுக்கு இரண்டு டாலர் கூடினாலும் சரி. அதே விழாவில் நகைக்கடைக்கும் ரியல் எஸ்டேட்டுக்கும் போடுகிற மேஜைகளோடு இன்னொரு மேஜை போட்டு, கூலிச் சட்டத்தையும் மெடிகால், கால்ஃப்ரெஷ் விவரங்களையும் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து வையுங்கள். மொழிபெயர்த்துத் தர நான் தயார். மேஜையிலும் நானே உட்காருகிறேன். வருகிற பொதுக்குழுவில் இதைப் பேச ஒரு பத்து நிமிடம் ஒதுக்க முடியுமா என்று செயலாளர்கள் யாராவது பதில் எழுதினால் போதும்.

அன்புடன்,
கிழக்கு சான் ஹோசேயிலிருந்து உங்களில் ஒருவன்